24ஆவது கில்டு: பிளாரன்ஸின் கம்பளித் தொழிலாளிகள், 1378

எடுத்துக்கொண்ட நிகழ்வு

1378ஆம் ஆண்டின் கோடையில் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரத்தில் ஏறக்குறைய ஆறு வாரம் மட்டும் 24 கில்டுகள், அதாவது தொழில்வாரியான சங்கங்கள், இருந்தன. அதற்கு முன்பு 21. அதற்குப் பிறகு 23. நடுவில் வந்துபோன அந்த ஒன்றில்தான் மற்ற எந்தக் கில்டையும்விட அதிகம் பேர் இருந்தார்கள். கம்பளியை அலசுபவர்கள், கழியால் அடிப்பவர்கள், சீவுபவர்கள், பட்டறைக்கு மூட்டை சுமப்பவர்கள். ஊரின் ஆட்சியில் பங்கு அவர்களுக்கு ஜூலையில் கிடைத்தது, ஆகஸ்ட் 31 அன்று போனது.

அந்தப் பங்கை வாங்கித்தந்த கலகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஜூலையைத்தான் சொல்கிறார்கள்: தீ, மணியோசை, அரண்மனைக்குள் நுழைந்த கூட்டம். எனக்கு ஆகஸ்ட்தான் முக்கியமாகப் படுகிறது. கிடைத்த உரிமை எப்படி, யார் கையால் போனது என்பது அந்த மாதத்தில்தான் தெரிகிறது.

நிகழ்வில் பங்கெடுத்தவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். தலைவர் என்று ஒருவர் பெயரைப் போட்டால் மற்றவர்கள் கூட்டமாகிவிடுவார்கள். அப்புறம், இவர்களுக்கு ஊரார் வைத்த பட்டப்பெயரைப் பற்றி ஒரு சொல். இத்தாலிய உச்சரிப்புப்படி எழுதினால் அது ‘சோம்பி’ என்று வரும். விடியுமுன்னே பட்டறைக்குப் போனவர்களுக்கு அந்தப் பெயர் தமிழில் நியாயமாக இருக்காது. அதனால் ‘சியோம்பி’ என்றே எழுதுகிறேன்.

பின்னணி: கில்டு என்ற வாசல்

கில்டு என்றதும் தொழிற்சங்கத்தை நினைத்துக்கொண்டால் எல்லாம் தலைகீழாகிவிடும். அது கூலிக்காரர்களின் சங்கம் இல்லை, பட்டறையும் கடையும் வைத்திருப்பவர்களின் சங்கம். யார் கடை திறக்கலாம், சரக்கு என்ன தரத்தில் இருக்க வேண்டும், விதியை மீறினால் என்ன அபராதம் என்பதையெல்லாம் அதுவே முடிவு செய்தது. தன் உறுப்பினர்களுக்கு அதுவே நீதிமன்றமும்கூட.

பிளாரன்ஸில் இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. பழைய பிரபுக் குடும்பங்களை ஆட்சியிலிருந்து தள்ளிவைக்க 1293இல் ‘நீதிக் கட்டளைகள்’ என்ற சட்டத்தொகுப்பு வந்தது. அதன்பின் கில்டில் இல்லாத யாரும் நகர ஆட்சிக் குழுவில் உட்கார முடியாது என்பது உறுதியானது. கவிஞர் தாந்தே வைத்தியம் பார்த்தவர் இல்லை. ஆனாலும் 1295 வாக்கில் வைத்தியர்கள், மருந்துக்கடைக்காரர்களின் கில்டில் தன் பெயரைப் பதிந்துகொண்டார். 1300இல் ஆட்சிக் குழுவுக்கு வந்தார். தொழில் தெரியுமா என்பது அங்கே பெரிய கேள்வியாக இல்லை. பெயர் எந்தப் பேரேட்டில் இருக்கிறது என்றுதான் பார்த்தார்கள்.

ஆட்சிக் குழுவின் பதவிக்காலம் இரண்டே மாதம். கொடி ஏந்தும் ‘நீதிக்கொடியோன்’ அதன் தலைவர். தகுதி பார்த்துத் தேர்ந்த பெயர்களைச் சீட்டில் எழுதிப் பையில் போட்டு, அவ்வப்போது எடுப்பார்கள், நம் குடவோலை போல. பைக்குள் பெயர் போனால்தானே வெளியே வரும்? அதற்குக் கில்டு வேண்டும். 21 கில்டுகளில் 7 பெரியவை: வழக்கறிஞர்கள், நாணயம் மாற்றும் வங்கிக்காரர்கள், பட்டு வணிகர்கள் போன்றவர்களுடையவை. மற்ற 14 சிறியவை. கசாப்புக்காரர், கொல்லர், செருப்புத் தைப்பவர், ரொட்டி சுடுபவர் எல்லாம் அதில் வருவார்கள். சிறிய கில்டுக்குக் குறைந்த இடங்கள்தான், ஆனாலும் இடம் உண்டு.

கம்பளிக் கில்டு பெரிய ஏழில் ஒன்று. ஊரின் சோறு அதில் இருந்தது. 1338 வாக்கில் 200 பட்டறைகள் ஆண்டுக்கு 70,000 முதல் 80,000 துணிகள் செய்ததாகவும், 30,000 பேர் அதை வைத்துப் பிழைத்ததாகவும் அந்த ஊர் வரலாற்றாளர் ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். எண்ணிக்கை கொஞ்சம் கூடுதல் என்றாலும், ஊர் எதை நம்பி நின்றது என்பதில் சந்தேகமில்லை.

இங்கிலாந்திலிருந்து வந்த கம்பளி முதலில் பட்டறையில் அலசி, அடித்து, சீவப்படும். பிறகு நூற்பதற்காக ஊருக்கு வெளியே கிராமத்துப் பெண்களிடம் போகும். திரும்பி வந்து தறி ஏறும். ஆர்னோ ஆற்றங்கரை ஆலைகளில் மிதிபட்டுத் தடிக்கும், மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிக் காயும், சாயப்பட்டறைக்குப் போகும். இத்தனை கை மாறினாலும் கம்பளிக்குச் சொந்தக்காரர் ஒருவர்தான், கம்பளி முதலாளி. கில்டில் பெயர் இருந்ததும் அவருக்கு மட்டும்தான்.

மற்றவர்களைக் கில்டின் விதிகள் ‘உட்பட்டவர்கள்’ என்று அழைத்தன. அந்தச் சொல்லிலேயே அவர்கள் நிலைமை அடங்கியிருக்கிறது. கில்டின் விதிக்கு உட்பட்டவர்கள், அதன் நீதிமன்றத்துக்கு உட்பட்டவர்கள், ஆனால் கில்டுக்கு உள்ளே இருப்பவர்கள் இல்லை. தங்களுக்கென்று ஒரு சங்கம் வைத்துக்கொள்ளவும் தடை. இவர்களைக் கண்காணிக்கவே வெளியூரிலிருந்து ஒரு அதிகாரியைக் கில்டு அமர்த்தியிருந்தது. அபராதம் போடவும் சித்திரவதை செய்யவும் அவருக்கு அதிகாரம் இருந்தது. உள்ளூர்க்காரர் என்றால் தயவு தாட்சண்யம் பார்த்துவிடுவார் என்ற கணக்குதான்.

கூலி விஷயத்தில் இன்னொரு முடிச்சு. முதலாளிகள் தங்கள் வியாபாரத்தை ஃபுளோரின் என்ற தங்க நாணயத்தில் செய்தார்கள். கூலியைச் சில்லறை நாணயத்தில் கொடுத்தார்கள். சில்லறையில் வெள்ளி குறையக் குறைய, அதே கூலிக்கு வாங்க முடிந்த ரொட்டி குறைந்தது. முன்பணம் வாங்கியவர் அது கழியும்வரை அதே பட்டறையில் கிடந்தார்.

முன்பே தெரிந்த அறிகுறிகள்

1345இல் கம்பளி சீவும் தொழிலாளி ஒருவர் சக தொழிலாளிகளைச் சேர்த்து ஒரு சகோதர சபை ஆரம்பிக்கப் பார்த்தார், சந்தாவும் திரட்டினார். மே மாதம் ஒரு நாள் இரவில் அவரைப் பிள்ளைகளோடு பிடித்துக்கொண்டு போனார்கள். விடிந்ததும் சீவுபவர்கள் வேலைக்குப் போகவில்லை. ஆளை விடச் சொல்லி ஆட்சிக் குழுவிடம் முறையிட்டார்கள். அவரைத் தூக்கில் போட்டார்கள்.

பெயரைப் பேரேட்டில் ஏற்றிக்கொள்வது ஒரு கவிஞருக்கு ஐந்து நிமிட வேலை, கம்பளி சீவுபவருக்கு அது உயிர் போகிற குற்றம். பின்னால் நடந்ததை எடைபோட இந்த ஒரு ஒப்பீடு போதும் என்று நினைக்கிறேன்.

1348இல் கொள்ளைநோய் வந்தது. 1375இல் போப்புடன் போர் மூண்டது. போர்ச் செலவுக்கு ஊராரிடம் கட்டாயக் கடன் வசூலித்தார்கள். வசதி உள்ளவர்களுக்கு அது வட்டி தரும் முதலீடு. அன்றாடங்காய்ச்சிகளுக்கோ திரும்பி வராத பணம். இதற்கிடையில் ஆட்சியில் செல்வாக்கோடு இருந்த குவெல்ஃபு கட்சி, தனக்குப் பிடிக்காதவர்களை ‘எதிர்த்தரப்பு’ என்று முத்திரை குத்தி, பதவிக்கு வரவிடாமல் ஒதுக்கிவந்தது. ஒதுக்கப்பட்டவர்களில் நல்ல வசதியான வணிகர்களும் உண்டு.

ஜூன்

அந்த வணிகர்களின் கோபம்தான் முதலில் வெளியே வந்தது. அப்போதைய நீதிக்கொடியோன் ஒரு பெரிய வணிகக் குடும்பத்தவர். பிரபுக்களுக்கு எதிரான பழைய கட்டளைகளைத் திரும்பக் கொண்டுவந்து கட்சியை அடக்கப் பார்த்தார். ஜூன் 22 அன்று கில்டுகள் ஆயுதத்தோடு கூடின. கட்சித் தலைவர்களின் வீடுகள் எரிந்தன, சிறை திறக்கப்பட்டது. இதில் சியோம்பிகளும் இருந்தார்கள், ஆனால் அது அவர்களுடைய சண்டை இல்லை. மேலே உள்ளவர்கள் தங்களுக்குள் மோதிக்கொள்ள ஆள்பலம் தேவைப்பட்டது, அவ்வளவுதான். ஆனால் கூடினால் என்ன நடக்கும் என்பதைச் சியோம்பிகள் அன்று கண்ணால் பார்த்துவிட்டார்கள்.

ஜூலை: எடுத்த முடிவும் அதன் காரணமும்

வீடு எரித்ததற்குத் தண்டனை வரும் என்ற பயம் பரவியது. தொழிலாளிகள் நகர வாசலுக்கு வெளியே ரகசியமாகக் கூடி, ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுப்பதில்லை என்று சத்தியம் செய்துகொண்டார்கள். செய்தி கசிந்தது. ஜூலை 19 இரவு சிலரைப் பிடித்து ஆட்சிக் குழுவின் அரண்மனையிலேயே வைத்துச் சித்திரவதை செய்தார்கள். அரண்மனைக் கடிகாரத்தைப் பழுதுபார்க்க வந்திருந்த ஒருவர் காதில் அந்த அலறல் விழுந்தது. அவர் ஓடிப்போய் அக்கம்பக்கத்தை எழுப்பினார். மறுநாள் தேவாலய மணிகள் ஒவ்வொன்றாக அடிக்க ஆரம்பித்தன.

அடுத்த மூன்று நாட்களில் நகர நீதிபதியின் மாளிகையும், அப்புறம் ஆட்சிக் குழுவின் அரண்மனையும் கூட்டத்தின் கைக்கு வந்தன. புதிய நீதிக்கொடியோனாக ஒரு கம்பளித் தொழிலாளியையே அறிவித்தார்கள். கொடியோடு முன்னால் போனவர், காலில் செருப்பில்லை என்கிறார்கள். இதற்கு நடுவில் கூட்டம் செய்த இன்னொன்று என்னை எப்போதும் யோசிக்க வைக்கும். 60க்கும் மேற்பட்டவர்களுக்கு வீரத்திருத்தகை (நைட்) பட்டம் கொடுத்தார்கள். காலையில் யார் வீட்டை எரித்தார்களோ அவருக்கும் ஒன்று! பழைய ஒழுங்கை அழிக்க வந்தவர்கள் செய்கிற காரியம் இது இல்லை. அந்த ஒழுங்கின் சடங்குகளை ஒருமுறை தங்கள் கையால் செய்து பார்க்க நினைத்தவர்கள் செய்வது.

ஆட்சிக் குழுவிடம் அவர்கள் வைத்த மனுவிலும் இது தெரிகிறது. கில்டு முறை வேண்டாம் என்று அதில் எங்கும் இல்லை. மூன்று புதிய கில்டுகள் வேண்டும் என்றார்கள். சாயக்காரர்களுக்கும் அவர்களைச் சேர்ந்த தொழில்களுக்கும் ஒன்று. சட்டை தைப்பவர்கள், தையற்காரர்கள், நாவிதர்கள் போன்றோருக்கு ஒன்று. மீதமுள்ள எளிய மக்களுக்கு, அதாவது சியோம்பிகளுக்கு, ஒன்று. மூன்றுக்கும் ஆட்சிக் குழுவில் இடம். கம்பளிக் கில்டின் வெளியூர் அதிகாரி போக வேண்டும். 50 ஃபுளோரினுக்குக் குறைந்த கடனுக்கு இரண்டு ஆண்டு வழக்கு கூடாது. நகரக் கடனுக்கு வட்டி நிறுத்தி, அசலைப் படிப்படியாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

ஏன் ஒரே கில்டாகக் கேட்கவில்லை? சாயக்காரர்களுக்குச் சொந்தப் பட்டறையும் கொப்பரையும் இருந்தன, தையற்காரர்களுக்குக் கடை இருந்தது. கூலிக்காரரோடு ஒரே பேரேட்டில் பெயர் எழுத அவர்களுக்கு விருப்பம் இருந்திருக்காது என்பது என் ஊகம். அன்றைய வழக்கப்படி தொழிலுக்கு ஒரு கில்டு என்பதும் இயல்புதான். மூன்று கில்டுகளிலும் சேர்த்துச் சுமார் 13,000 பேர், அதில் சியோம்பி கில்டில் மட்டும் 9,000 பேர் என்று கணிக்கிறார்கள். அந்த முடிவு அன்று யாருக்கும் தவறாகப் பட்டிருக்காது.

கேட்டதில் பெரும்பகுதி கிடைத்தது. பழைய சீட்டுப் பைகளை எரித்தார்கள். புதிய பெயர்களை எழுதிப் போட்டார்கள். பதவிகளைப் பெரிய கில்டு, சிறிய கில்டு, புதிய கில்டு என்று மூன்று தரப்புக்கும் பிரித்தார்கள்.

ஆகஸ்ட்: கவனிக்க வேண்டிய மாதம்

கம்பளி முதலாளிகள் பட்டறைகளைத் திறக்கவில்லை. பெரிய எதிர்ப்பு எதுவும் தேவைப்படவில்லை, கதவை மூடி வைத்தாலே போதும். பலர் குடும்பத்தோடு கிராமத்து வீடுகளுக்குப் போய்விட்டார்கள். ஆட்சியில் பங்கு இருந்த தொழிலாளி வீட்டில் அடுப்பு எரியவில்லை. கடையைத் திறக்கச் சொல்லி ஆட்சிக் குழு உத்தரவு போட்டது. உத்தரவு போட்டால் கம்பளி வந்துவிடுமா?

கில்டின் பலம் எங்கே இருந்தது என்பது இங்கேதான் தெரிகிறது. கசாப்புக்காரர் கில்டிடம் கத்தியும் கடையும் ஆடும் இருந்தன. ரொட்டிக்காரரிடம் அடுப்பு இருந்தது. கொடியும் முத்திரையும் ஆட்சிக் குழு இடமும் அதன்மேல் வந்தவை. சியோம்பி கில்டுக்கு மேலே உள்ளதெல்லாம் கிடைத்தது, அடியில் எதுவும் இல்லை. சீவுகிற சீப்பு வேண்டுமானால் அவர்களுடையதாக இருந்திருக்கலாம். சீவ வேண்டிய கம்பளி இன்னொருவருடையது.

தொழிலாளிகளுக்கும் இது புரிந்திருந்தது என்பதற்கு ஒரு சான்று உண்டு. முதலாளிகள் மாதம் 2,000 துணியாவது செய்தே ஆக வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். ஆண்டுக்கு 24,000. 40 ஆண்டுக்கு முன் எழுதப்பட்ட கணக்கில் மூன்றில் ஒரு பங்குதான் இது. பேராசைக்காரர்களின் கோரிக்கை என்று இதைச் சொல்ல முடியாது. மொத்தக் கலகத்திலும் நிலைமையைச் சரியாகப் புரிந்துகொண்டு வைத்த கோரிக்கை இதுதான் என்பேன். அதை நிறைவேற்றிவைக்க மட்டும் எந்த வழியும் இல்லை.

இதற்கிடையில் பரிசுகள் கைமாறின. ஜூனில் முதல் அடி வைத்த அந்த வணிகக் குடும்பத்தவருக்கு ஆற்றுப் பழைய பாலத்துக் கடைகளின் வாடகை. கம்பளித் தொழிலாளியான நீதிக்கொடியோனுக்கு எம்ப்போலி என்ற சிற்றூரின் நிர்வாகப் பதவி. ‘நம்மாள்’ என்று ஏற்றிவைத்தவர்கள் முகம் சுளித்தார்கள்.

ஆகஸ்ட் கடைசி வாரம் சியோம்பிகள் மறுபடியும் கூடினார்கள். சாந்தா மரியா நொவெல்லா தேவாலயத்தை இடமாக வைத்து எட்டுப் பேரைத் தங்கள் தலைமைக் குழுவாகத் தேர்ந்தெடுத்தார்கள். ஆட்சிக் குழு எதைச் செய்தாலும் இந்த எட்டுப் பேரின் ஒப்புதல் வேண்டும், கொடுத்த பரிசுகள் செல்லாது என்றார்கள். இப்போது ஊரில் இரண்டு ஆட்சி. ஜூலையில் கூட நின்ற சிறிய கடைக்காரர்களை மிரளவைத்தது இந்தக் கட்டம்தான்.

ஆகஸ்ட் 31: இந்தக் கோரிக்கையோடு அரண்மனைக்குப் போன தூதர்களை, கம்பளித் தொழிலாளியான அந்த நீதிக்கொடியோனே வாளால் வெட்டிக் காயப்படுத்திச் சிறை வைத்தார். எல்லாக் கில்டுகளும் தங்கள் கொடிகளைச் சதுக்கத்துக்குக் கொண்டுவந்து ஒப்படைக்க உத்தரவு போனது. 23 கில்டுகள் கொடுத்தன. 24ஆவது கொடுக்க மறுத்தது. அடிதடி அங்கே தொடங்கியது. முன்னால் நின்று தாக்கியவர்களில் கசாப்புக்காரர்கள் பெயர் பெற்றார்கள். சாயக்காரர்களும் தையற்காரர்களும், அதாவது ஆறு வாரம் முன்பு இதே மனுவில் வாசல் திறந்து உள்ளே வந்தவர்கள், அன்று மற்ற கில்டுகளின் பக்கம் நின்றார்கள்.

விளைவு

24ஆவது கில்டு கலைக்கப்பட்டது. செப்டம்பர் தொடக்கத்தில் பதவியேற்ற குழுவில் சீட்டில் பெயர் வந்திருந்த கம்பளித் தொழிலாளிகளைக் கீழே இறக்கினார்கள். மற்ற இரண்டு புதிய கில்டுகளும் நீடித்தன. அடுத்த மூன்று ஆண்டுக்கு மேல் சிறிய கில்டுகளின் கை ஓங்கியே இருந்தது.

1382 ஜனவரியில் பெரிய கில்டுகள் திரும்ப வந்தன. சாயக்காரர்களின் கில்டும் சட்டை தைப்பவர்களின் கில்டும் அப்போது போயின. மீண்டும் 21. தூதர்களை வெட்டிய நீதிக்கொடியோனை அதே ஆண்டு ஊரைவிட்டு அனுப்பினார்கள். அவர் செய்த உதவி யாருக்கு நினைவிருந்தது?

என்ன வேறாக நடந்திருக்கலாம்

மூன்றாகப் பிரியாமல் ஒரே கில்டாக இருந்திருந்தால் என்று பலரும் கேட்கிறார்கள். எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. கொப்பரை உள்ளவரும் இல்லாதவரும் ஒரே கொடியின் கீழ் நின்றிருந்தாலும் பட்டறை மூடிய மூன்றாம் வாரத்தில் விரிசல் வந்திருக்கும். வட்டிக்கும் கடனுக்கும் அப்பால், கம்பளி வாங்க ஒரு பொது நிதியோ, கூலிச் சில்லறையின் மதிப்புக்கு ஒரு கட்டுப்பாடோ ஜூலையிலேயே, அரண்மனை கையில் இருந்தபோதே, எழுதி வாங்கியிருந்தால் அதற்கு எடை இருந்திருக்கும். பரிசுகளைத் தடுத்திருக்க வேண்டியதும் ஜூலையில்தான். ஆகஸ்டில் கேட்டபோது அது கலகமாகிவிட்டது.

வேறு ஊர்கள் வேறு வழி பிடித்தன. ஜெர்மானிய நகரமான நியூரம்பெர்க் 1348-49 கலகத்துக்குப் பிறகு கில்டுகளையே தடை செய்தது. கொலோன் நேர் எதிர்: 1396இல் பழைய குடும்பங்களின் ஆட்சி விழுந்ததும், ‘கஃபெல்’ எனப்பட்ட 22 குழுக்களை அமைத்து, குடிமகன் ஒவ்வொருவரும் ஏதாவது ஒன்றில் பெயர் பதிந்தே ஆக வேண்டும் என்று எழுதிவைத்தார்கள். நகரசபையின் 49 இடங்களில் 36ஐ அந்தக் குழுக்கள் நிரப்பின. பணம் படைத்த வணிகர்கள் அங்கேயும் செல்வாக்காகத்தான் இருந்தார்கள். ஆனால் அந்த ஏற்பாடு 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரெஞ்சுப் படை வரும்வரை நின்றது. வாசலை ஒவ்வொரு தொழிலுக்கும் தனித்தனியாகத் திறப்பதற்குப் பதில், குடிமகன் என்றால் குழு என்று மாற்றிப் போட்டதில் ஒரு வசதி இருந்தது: ஒரு குழுவை மட்டும் கலைத்து அதன் ஆட்களைத் தெருவில் விடுவது அவ்வளவு எளிதில்லை.

சரி, ஒரு விடுபடலையும் பதிவு செய்ய வேண்டும். கம்பளி சீவியதும் அடுத்து அது நூற்கும் பெண்களிடம் போகிறது என்று மேலே சொன்னேன். அவர்கள் நூற்றுக் கொடுக்காமல் ஒரு தறியும் ஓடாது. பட்டறை மூடியபோது அவர்களுக்கும் கூலி நின்றது. மனுவில் இருந்த மூன்று கில்டுகளில் எதிலும் அவர்களுக்கு இடமில்லை. 25ஆவது ஒன்றை யாரும் கேட்கவும் இல்லை.